எண்ணெய் டேங்க் பக்கத்து மண்ணும் நிலத்தடி நீரும்: சோதனை குழப்பினால் எங்கே கை வைப்பது

டேங்க் வளாகத்தில் நாலைந்து துளை போட்டாகிவிட்டது, மண்ணும் தண்ணீரும் லேபுக்குப் போய் அறிக்கையும் வந்துவிட்டது, ஆனால் தாளில் இருப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது. திட்டமே இனிமேல்தான் போடப்போகிறீர்கள் என்றாலும் படித்துவிடுங்கள், ஏனென்றால் கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, ட்ரில் வண்டி கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வரைபடத்தில் நடந்து முடிந்தவை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அறிக்கை நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது பேசுவதோ ஒரு குப்பியைப் பற்றி. அந்தக் குப்பி எந்தத் துளையில், எத்தனை மீட்டரில், எப்படி நிரம்பியது என்று தெரியாமல் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிப் பயனில்லை. அதனால் எந்த அறிகுறிக்கும் நான் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் குப்பி, அப்புறம் கிணறு (துளைக்குள் குழாய் இறக்கி, நிலத்தடி நீரை எடுத்துப் பார்க்க வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறு), அப்புறம் துளை போட்ட இடம், கடைசியில்தான் மண்ணைச் சந்தேகப்படுவது.

மூக்கில் டீசல் அடிக்கிறது, அறிக்கையில் "கண்டறியப்படவில்லை"

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். "கண்டறியப்படவில்லை" என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை, "இதற்குக் கீழே எனக்குத் தெரியாது" என்று லேப் சொல்கிறது, அவ்வளவுதான். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்காவின் குடிநீர் வரம்பு 5. உங்கள் நீரில் மற்ற ஹைட்ரோகார்பன்கள் ஏகத்துக்கு இருந்தால், கருவி திணறாமல் இருக்க லேப் அதை 50 மடங்கு, 100 மடங்கு நீர்க்கவைத்து ஓட்டும், அப்போது 1 மைக்ரோகிராமாக இருந்த வரம்பும் கூடவே 50, 100 என்று ஏறிவிடும். "50-க்குக் கீழ்" என்று வந்த பென்சீன் 10-ஐத் தாண்டியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வரம்பு அப்படி ஏறியிருப்பதே அந்த நீரில் வேறு ஏதோ கனமாகக் கிடக்கிறது என்பதற்கு அறிகுறி. குறைவாக நீர்க்கவைத்து ஓட்டிய விவரம் இருக்கிறதா என்று லேபைக் கேளுங்கள்.

அடுத்தது, என்ன சோதனை கேட்டு அனுப்பினீர்கள்? டீசல் டேங்குக்கு பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நாலை மட்டும் கேட்டிருந்தால் அறிக்கை சுத்தமாகத்தான் வரும், டீசலில் அவை குறைவு. பெட்ரோல் ஏறத்தாழ 4 முதல் 12 கார்பன் வரையுள்ள மூலக்கூறுகளின் கலவை, டீசலைத் தேட லேப்கள் பார்க்கும் வரம்பு பொதுவாக 10 முதல் 28 கார்பன், ஃபர்னஸ் ஆயிலும் மசகு எண்ணெயும் அதற்கும் மேலே போகும். எந்த டேங்கில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் சோதனைப் பட்டியல் எழுத வேண்டும், அதிலும் இப்போது என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் முன்பு என்னென்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். டீசலுக்கு நாப்தலீனையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது குப்பி. ஆவியாகும் பொருட்களுக்கான 40 மில்லி குப்பியில் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் அமிலம் இருக்கும், அதைக் கொட்டிவிடாமல், வழியவும் விடாமல், வாய் விளிம்புக்கு மேலே தண்ணீர் லேசாகக் குமிழ்ந்து நிற்கும்வரை மெதுவாக நிரப்பி மூடி போட வேண்டும். மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் ரெண்டு தட்டு தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக்கு மேல் ஒரு குமிழி எழும்பி வந்தால் வேறு குப்பியில் திரும்ப நிரப்புங்கள், அந்தக் காற்றுக்குள்தான் உங்கள் பென்சீன் போய் உட்காரும். அமிலம் போட்டு, உறையாமல் 4 டிகிரி அருகில் வைத்த குப்பிக்கு 14 நாள் கெடு, அமிலம் இல்லாவிட்டால் 7 நாள். சுண்ணாம்புப் பாறை நீராக இருந்தால் அமிலம் பட்டதும் நுரைக்கும், எத்தனை முறை நிரப்பினாலும் குமிழி வரும், அப்போது அமிலமில்லாத குப்பியில் எடுத்து 7 நாளுக்குள் ஓட்டச் சொல்லிவிடுவதுதான் வழி.

மண்ணில் இதைவிட மோசமாக நடக்கிறது. கரண்டியால் அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நன்றாகக் கலந்து, சாவகாசமாக ஜாடிக்கு மாற்றினால் பெட்ரோலின் லேசான பகுதி எல்லாம் வழியிலேயே பறந்துவிடும். மண் உருளை மேலே வந்ததும் ஓரத்தைச் சீவிவிட்டு, சிறு உறிஞ்சு குழாயால் சுமார் 5 கிராம் குத்தி எடுத்து, அங்கேயே மெத்தனால் உள்ள குப்பியில் போட வேண்டும். வெயிலில் கிடக்கும் உருளைக்கு ஐந்து நிமிடம்கூட அதிகம்.

குப்பி சரியாக இருந்தால் கிணற்றுக்கு வாருங்கள். பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.75, டீசல் சுமார் 0.85, ரெண்டும் நீரின்மேல் மிதப்பவை. கண்காணிப்புக் கிணற்றின் ஃபில்டர் குழாய், அதாவது சல்லடைக் கீறல் உள்ள பகுதி, நீர்மட்டத்துக்குக் கீழேயே தொடங்கினால் மேலே மிதப்பது உள்ளே வர வழியே இல்லை. கீறல் பகுதி நீர்மட்டத்தைக் குறுக்கே தாண்டி நிற்க வேண்டும், மழைக்காலத்தில் ஏறும் மட்டத்தையும் வறட்சியில் இறங்கும் மட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. பழைய கிணறுகளில் இந்த விவரம் துளைப் பதிவேட்டில் இருக்கும், பதிவேடே இல்லை என்றால் அந்தக் கிணற்றிலிருந்து வந்த "சுத்தம்" என்ற முடிவை ஓரமாக வைத்துவிடுங்கள். கேமரா விட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

நீர் எடுத்த விதமும் ஒரு காரணம். பெயிலரை, அதாவது கயிற்றில் கட்டி நீர் மொள்ளும் குழாயை, தொபுக்கென்று கிணற்றில் போட்டு இழுத்தால் கலங்கலும் வரும், ஆவியும் போகும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி என்று மெதுவாக பம்ப் செய்து, மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டு, சில நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் கரைந்த ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள்ளும் நின்ற பிறகு குப்பியை நிரப்புங்கள். பொறுமை வேண்டும், ஒரு கிணற்றுக்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

எதுவும் கசியவில்லை, ஆனால் அறிக்கையில் எண்ணெய் "இருக்கிறது"

முன்னதற்கு நேர் எதிர். இங்கே முதல் குற்றவாளி பெரும்பாலும் நாம்தான். ஒருமுறை என் மாதிரிகளில் எல்லாக் கிணற்றிலும் ஒரே மாதிரி கொஞ்சம் டொலுவீன் வந்தது, மேட்டுக் கிணற்றிலும் (நிலத்தடி நீர் டேங்கை நோக்கி வரும் பக்கம் இருப்பது) பள்ளத்துக் கிணற்றிலும் (டேங்கைத் தாண்டி நீர் போகும் பக்கம் இருப்பது) கிட்டத்தட்ட ஒரே அளவு. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புகைப்படத்தில் கவனித்தேன், பம்புக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டர் காற்று வரும் பக்கம் நின்று, குப்பிகள் இருந்த மேஜைமேல் நேராகப் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. ஜெனரேட்டரும் லாரியும் காற்று போகும் பக்கம் நிற்க வேண்டும், தள்ளி நிற்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிய கையோடு குப்பியைத் தொடக் கூடாது, வாடை வரும் மார்க்கர் பேனாவால் எழுதக் கூடாது, பி.வி.சி. குழாயைப் பசை போட்டு ஒட்டக் கூடாது, திருகி மாட்டும் குழாய்தான் வேண்டும்.

இதைப் பிடிக்கத்தான் வெற்றுக் குப்பிகள். ஒவ்வொரு ஐஸ் பெட்டிக்கும் லேபிலிருந்து நிரம்பி வந்து திறக்காமலே திரும்பிப் போகும் ஒரு பயண வெற்று, கருவியைக் கழுவிய பிறகு சுத்த நீர் ஊற்றி எடுக்கும் ஒரு கருவி வெற்று, பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இவற்றை வெட்டினால், பின்னால் "இது எங்கள் எண்ணெய் இல்லை" என்று வாதாட உங்களிடம் ஒரு துரும்புகூட இருக்காது.

வெற்றெல்லாம் சுத்தமாக வந்தும் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் மட்டும் காட்டுகிறது, தனித்தனிச் சேர்மம் ஒன்றும் இல்லை என்றால் மண்ணில் இலைதழை, சதுப்பு, உரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கையான கரிமப் பொருளும் அந்தச் சோதனையில் எண்ணெய் போலவே நடிக்கும். சிலிக்கா ஜெல் வழியாக வடித்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், மின்முனைவுள்ள பொருட்கள் அதில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் வெளியே வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை, பழைய எண்ணெய் நுண்ணுயிரிகளால் சிதையும்போது உண்டாகும் பொருட்களும் இதில் காணாமல் போகும், அதனால் வடிக்கும் முன், வடித்த பின் என ரெண்டு அளவையும் வாங்கி வைப்பது நல்லது. குரோமட்டோகிராம் படத்தையும், அதாவது கருவி சேர்மங்களைப் பிரித்து முகடுகளாக வரையும் படத்தையும், கேளுங்கள். புதிய டீசல் என்றால் சீரான இடைவெளியில் சீப்புப் பற்கள் போல முகடுகள் நிற்கும், மக்கிய எண்ணெய் ஒரு மேடாகத் தூங்கும், இலைதழை என்றால் கடைசிப் பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து முகடுகள்.

கிணற்றில் மிதக்கும் எண்ணெயின் தடிமன் மாதத்துக்கு ஒன்று

போன மாதம் 20 செ.மீ., இந்த மாதம் 60, உடனே "கசிவு மூன்று மடங்காகிவிட்டது" என்று மேலிடத்துக்குக் கடிதம் போகும். கொஞ்சம் நில்லுங்கள். அதே நாட்களின் நீர்மட்டத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சாதாரண மணற்பாங்கான நிலத்தில் நீர்மட்டம் இறங்கினால் மண்ணிடுக்கில் சிக்கியிருந்த எண்ணெய் விடுபட்டுக் கிணற்றுக்குள் வடியும், தடிமன் கூடும். மட்டம் ஏறினால் எண்ணெய் நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும், கிணற்றில் படலமே காணாமல் போகும், அதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று வேலையை மூடிவிட்டு அடுத்த வறட்சியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மேலே களிமண் மூடி, அடியில் மணலில் எண்ணெய் அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் இது தலைகீழ், மட்டம் ஏற ஏறக் கிணற்றில் தடிமனும் ஏறும்.

இன்னொன்று, கிணற்றில் 60 செ.மீ. நிற்கிறது என்பதற்காக மண்ணிலும் 60 செ.மீ.க்கு எண்ணெய் அடர்ந்து கிடக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். கிணறு ஒரு வெற்றுக் குழாய், மண்ணிலோ எண்ணெய், நீர், காற்று மூன்றும் துளைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். எடுக்கக்கூடியது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் படலத்தை முழுக்க இறைத்துவிட்டு எவ்வளவு வேகத்தில் திரும்ப ஊறுகிறது என்று மணிக்கணக்கில் அளந்து பாருங்கள். ஒரு நாளாகியும் விரற்கடை அளவுக்குக்கூட ஊறவில்லை என்றால் அந்த 60-ஐ நம்பி பம்ப் வாங்க வேண்டாம்.

நீரோட்டத் திசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது

திசை கண்டுபிடிக்கக் குறைந்தது மூன்று கிணறு, அதுவும் முக்கோணமாக. ஒரே கோட்டில் மூன்று போட்டிருந்தால் முப்பது போட்டாலும் ஒன்றுதான். இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் குழப்பம் வருவது வேறு இடத்தில்.

மிதக்கும் எண்ணெய் நீரைக் கீழே அழுத்திவிடும், அதைத் திருத்தாமல் வரைபடம் போட்டால் எண்ணெய் உள்ள கிணறு பள்ளமாகத் தெரியும், எல்லா அம்புக்குறியும் அதை நோக்கிப் பாயும். ஒரு கணக்கு: கிணற்று வாயின் மட்டம் 100.00 மீட்டர், எண்ணெய் 4.20 மீட்டரில் தட்டுகிறது, நீர் 4.80-ல். தடிமன் 0.60. டீசலின் அடர்த்தி 0.83 என்று வைத்துக்கொண்டால், 100.00 கழித்தல் 4.80, கூட்டல் 0.60 பெருக்கல் 0.83, ஆக 95.70. திருத்தாமல் எழுதியிருந்தால் 95.20. அரை மீட்டர் பிழை! இரண்டு கிணற்றுக்கு இடையே இருக்கும் மொத்தச் சரிவே சில சமயம் பத்து இருபது செ.மீ.தான் என்னும்போது இது திசையை அப்படியே புரட்டிப் போட்டுவிடும்.

அது சரியாக இருந்தால் கிணற்று வாயின் மட்டத்தை யார், எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். லாரி ஏறி மூடி நசுங்கி, குழாயை வெட்டிச் சீர்செய்து, மட்டத்தை மறுபடி அளக்காமல் விட்ட கிணறு வளாகத்துக்கு ஒன்றாவது இருக்கும். எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில், முடிந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும், கடலோரம் என்றால் ஓதம் ஏறி இறங்குவதே மட்டத்தை அசைக்கும். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் போட்டு இறைக்கிறார்களா, தீயணைப்புக் குழாய் மண்ணுக்குள் உடைந்து ஊறுகிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் கழித்த பிறகும் திசை மாறினால், சரி, திசை நிஜமாகவே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, நாலு பக்கமும் கிணறு வேண்டும்.

பள்ளத்துக் கிணறு சுத்தம், மேட்டுக் கிணற்றில் எண்ணெய்

பள்ளத்துக் கிணறு சுத்தம் என்பதில் மகிழ்ச்சி அடைவதற்கு முன் ஒரு பெருக்கல். நீர் விடும் திறன் நாளைக்கு 10 மீட்டர் உள்ள மணல், சரிவு 0.005, துளைமை 0.25. 10 பெருக்கல் 0.005 வகுத்தல் 0.25, நாளைக்கு 0.2 மீட்டர், வருடத்துக்கு 73 மீட்டர். பென்சீன் மண்ணில் கொஞ்சம் ஒட்டியும் வழியில் சிதைந்தும் போவதால் நீரைவிடப் பின்தங்கும். ஆறு மாதத்துக்கு முன் கசிந்தது 100 மீட்டர் தள்ளிப் போட்ட கிணற்றில் எப்படித் தெரியும்? இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். களிமண் என்றால் நம் ஆயுளில் வராது. முதல் கிணறு மூலத்தை ஒட்டி, அடுத்தது இந்தக் கணக்கு சொல்லும் தூரத்தில், அதற்கடுத்தது குடிநீர் எடுக்கும் யாராவது இருக்கும் திசையில். பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற சேர்க்கைப் பொருள் கலந்திருந்தால் அதையும் கேட்டு அனுப்புங்கள், அது நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, லேசில் சிதையாது, ஆகவே பென்சீனுக்கு முன்னால் ஓடி வந்து சேதி சொல்லும்.

மேட்டுக் கிணற்றில் எண்ணெய் வந்தால் பக்கத்து இடத்தைக் கைகாட்டும் ஆசை உடனே வரும். அதற்கு முன் மாதிரி எடுத்த வரிசையைப் பாருங்கள், அழுக்கான கிணற்றில் மூழ்கவிட்ட பம்பை அப்படியே கொண்டுபோய் மேட்டில் இறக்கவில்லையே? எப்போதும் சுத்தமானதில் தொடங்கி அழுக்கானதில் முடிக்க வேண்டும். அப்புறம் மண்ணுக்கடியில் போகும் கேபிள், குழாய்த் தடங்கள். அவற்றைச் சுற்றி நிரப்பிய தளர்ந்த மணல், களிமண் நிலத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி வேலை செய்யும், அதில் புகுந்த எண்ணெய் நீரோட்டத் திசையையெல்லாம் மதிக்காது. இவை ரெண்டும் இல்லை என்றால் பக்கத்து இடத்தைச் சந்தேகிக்கலாம். மண்ணில் கரிம ஈயச் சேர்மம் கிடைத்தால் அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கசிவு என்று கொள்ளலாம், உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் வாகனங்களுக்கு அதை விற்பதை நிறுத்தியது, பெரும்பாலான நாடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது.

கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் குறைகிறது, மண்ணில் ஒன்றும் இல்லை

முதலில் வெப்பத்தைக் கழியுங்கள். 10,000 லிட்டர் பெட்ரோல் 5 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 50 லிட்டர் சுருங்கும், எங்கும் கசியவில்லை. டிப் ராடு (டேங்கில் விட்டு எண்ணெய் மட்டம் அளக்கும் கோல்) வளைந்திருப்பது, டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, மீட்டர் பிழை எல்லாம் மாதத்துக்கு மாதம் கூடியும் குறைந்தும் வரும். கசிவு மட்டும்தான் விடாமல் ஒரே பக்கம் இழுக்கும். அதனால் ஒரு மாதத்தைப் பார்க்காதீர்கள், பன்னிரண்டு மாத வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போய்க் கோடு போட்டுப் பாருங்கள்.

நிலத்தடி டேங்கின் இறுக்கச் சோதனை பிடிக்க வேண்டிய அளவு என்று அமெரிக்க விதி வைத்திருப்பது மணிக்கு 0.1 கேலன், அதாவது சுமார் 0.38 லிட்டர். அற்பமாகத் தெரிகிறது. ஒரு வருடத்துக்குப் பெருக்கினால் 3,300 லிட்டர். இது எந்தத் தினசரிக் கணக்கிலும் சிக்காது.

கோடு இறங்குகிறது, மண் சுத்தம் என்றால் துளை தப்பான இடத்தில் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் டேங்கைச் சுற்றி நாலு மூலையில் அழகாக நாலு புள்ளி வைத்துவிடுகிறார்கள், ஆனால் எண்ணெய் தரையைத் தொடுவது வேறு இடங்களில்: டேங்கர் லாரி குழாய் மாட்டும் இடம், நிரப்பு வாய், குழாய் இணைப்பு, வால்வ், பம்ப் சீல், எண்ணெய்-நீர் பிரிப்பான் தொட்டி, தடுப்புச் சுவரின் வடிகால் வால்வ். தரைமேல் டேங்குகளில் அடியில் தேங்கும் நீரைத் திறந்துவிடும் குழாய் ஒன்று உண்டு, அந்த நீரோடு எண்ணெயும் கொஞ்சம் போகும், வருடக்கணக்கில் அது அப்படியே மண்ணில் ஊறியிருந்தால் டேங்கில் ஓட்டை இல்லாமலேயே அந்த இடம் நாறிக்கிடக்கும். எந்த வரைபடத்திலும் இது இருக்காது. வளாகத்தில் இருபது வருடம் வால்வ் திருகியவர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள், எங்கே செடி முளைக்காது, இடிக்கப்பட்ட பழைய டேங்க் எங்கே நின்றது, எந்த வருடம் நிரப்பும்போது வழிந்தது என்று அவர் சொல்வதை வரைபடத்தில் குறியுங்கள். நான் பார்த்தவரை அந்த அரை மணி நேரம் மூன்று துளைக்குச் சமம்.

ஆழமும் யோசித்து வைக்க வேண்டும்: குழாய் அல்லது டேங்க் அடிமட்டத்தில் ஒன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று, வாயு மீட்டர் அதிகம் காட்டும் இடத்தில் ஒன்று, சுத்தமாகும் ஆழத்தில் ஒன்று. மண் மாறும் ஆழத்தைத் தவறவிடாதீர்கள், மணலும் களிமண்ணும் சேரும் இடத்தில்தான் எண்ணெய் படுத்துக்கொள்ளும். முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டுங்கள், அடியில் என்ன குழாய் போகிறது என்று வரைபடம் சொல்வதை நம்பி ட்ரில்லை இறக்க வேண்டாம். கீழே நல்ல களிமண் அடுக்கு வந்தால் அதைக் குத்திக்கொண்டு போகாதீர்கள், உங்கள் துளையே எண்ணெய் கீழே இறங்கும் வழியாகிவிடும்.

வாயு மீட்டர் சும்மா இருக்கிறது, மண் கருப்பாக நாறுகிறது

களத்தில் பயன்படுத்தும் பி.ஐ.டி. மீட்டர், புற ஊதா விளக்கால் ஆவியை அயனியாக்கி அளக்கும் கருவி, அந்த விளக்கின் ஆற்றல் பெரும்பாலும் 10.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீன் அயனியாக 9.24 போதும், அதனால் காட்டும். மீத்தேனுக்கு 12.6 வேண்டும், காட்டாது. அப்புறம் டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் ஆவியாவதே கொஞ்சம்தான், மக்கிய பெட்ரோலும் அப்படித்தான். ஈரக் காற்றும் அளவைக் குறைக்கும். மண்ணைப் பையில் பாதிக்குப் போட்டுக் கட்டி, உடைத்துவிட்டு, பத்து நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து அப்புறம் மூக்கை நுழைத்துப் பாருங்கள் (மீட்டரின் மூக்கை, உங்களுடையதை அல்ல). அதுவும் காட்டவில்லை என்றால் கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி மண், முக்கால் புட்டி நீர், குலுக்கி வையுங்கள். மேலே வானவில் படலம் நின்றால் அந்த ஆழத்தை லேபுக்கு அனுப்புங்கள், மீட்டர் என்ன சொன்னாலும்.

வாய்க்காலில் பளபளவென்று படலம்

ஒரு குச்சியை எடுத்துக் கலைத்துவிடுங்கள். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா. கலைத்ததும் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். ஆனால் முதல் விடை வந்தாலும் முழுதாக விட்டுவிடாதீர்கள், மண்ணுக்குள் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனை முடித்துவிட்டு இரும்பைக் கரைத்து விடும், அந்த நீர் வெளியே வந்து காற்றுப் பட்டதும்தான் ஆரஞ்சு வண்டலாகப் படிவது. டேங்குக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் அந்த நிறம் என்றால் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட், கரைந்த இரும்பு, மீத்தேன் ஐந்தையும் மேட்டிலும் பள்ளத்திலும் அளந்து ஒப்பிடுங்கள்.

கட்டடத்துக்குள், சாக்கடையில், குழாய் நீரில் வாடை

இதற்கு மாதிரித் திட்டம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும். ஆட்களை வெளியேற்றுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடையில் புகுந்து தெருத்தெருவாக வெடித்ததில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாடை வருகிறது என்று மக்கள் அதற்குச் சில நாள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹவாயின் ரெட் ஹில் நிலத்தடி எரிபொருள் கிடங்கில் 2021 நவம்பரில் விமான எரிபொருள் கசிந்தபோதும், குடியிருப்பில் இருந்தவர்கள் குழாய் நீர் நாறுகிறது என்று சொன்னதுதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது, அங்கே டேங்குகளுக்கும் நீர்தாங்கும் பாறைக்கும் இடையே சுமார் 30 மீட்டர்தான். யாராவது வாடை என்று சொன்னால் கண்காணிப்புக் கிணற்று அறிக்கையைக் காட்டி வாயை அடைக்காதீர்கள், அவர் குழாயிலிருந்து அன்றே ஒரு குப்பி எடுங்கள்.

ரெண்டு லேப், ரெண்டு எண்

அடிக்குறிப்பைப் படியுங்கள். ஒன்று ஈர எடையில், இன்னொன்று உலர் எடையில் சொல்லியிருக்கும். ஈரம் 20 சதவீதம் என்றால் ஈர எடையில் 80 என்பது உலர் எடையில் 100. கார்பன் வரம்பும் சிலிக்கா ஜெல் வடிப்பும் ஒன்றா என்று பாருங்கள். கலங்கல் நீர் என்றால் மண் துகளில் ஒட்டிய கனமான சேர்மங்களும் சேர்ந்து அளவை ஏற்றிவிடும், அதற்காக ஆவியாகும் பொருட்களுக்கான நீரை வடிகட்டவும் கூடாது. இவையெல்லாம் ஒத்துப்போன பிறகும் மண்ணில் 40-க்கும் 60-க்கும் சண்டை என்றால் விடுங்கள், பக்கத்துப் பக்கத்துப் பிடி மண்ணிலேயே அந்த வித்தியாசம் இருக்கும். நீரில் அப்படி வந்தால்தான் குப்பியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

மாதிரி எடுக்கப் போனால் கிணறு வறண்டிருக்கிறது

"நீர் இல்லை, மாதிரி எடுக்கவில்லை" என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். அடி ஆழத்தை அளந்து, தேதியோடு குறியுங்கள், அடியில் வண்டல் ஏறியிருக்கிறதா என்று துளைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். நிஜமாகவே மட்டம் இறங்கியிருந்தால் இது கிடைத்தற்கரிய நேரம், வழக்கமாக நீருக்கடியில் மூழ்கியிருக்கும் எண்ணெய் பூசிய மண் பட்டை இப்போது வெளியே நிற்கிறது. கிணற்றிலிருந்து ரெண்டு மீட்டர் தள்ளி ஒரு துளை போட்டு, பழைய உயர்ந்த மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் இடையே அரை மீட்டருக்கு ஒன்றாக மண் எடுத்து அனுப்புங்கள். அதே துளையில் இன்றைய மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஃபில்டர் குழாயோடு புதுக் கிணறும் வைத்துவிட்டால், ட்ரில் வண்டியை இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருக்காது.